உவர்மலை வீட்டார் (திருகோணமலைக் குடும்பம் ஒன்றின் வட்ஸ்அப் குழு)

கமலா: எல்லோருக்கும் வணக்கம். மயூரிக்கு லண்டனில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு வருடப் படிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் 2000 பவுண்ஸ் கட்டினால்தான் இடத்தை வைத்திருப்பார்களாம். என்ன செய்யலாம் என்று எல்லோரும் ஒருக்கால் சொல்லுங்கோ.

தேவன்: வாழ்த்துகள் மகள்!!

சுகந்தன்: சூப்பர் மயூ

வசந்தி: நல்ல விசயம். என்ன படிப்பு?

மயூரி: சமூகத் தொழில்முயற்சியும் இலாப நோக்கில்லாத நிறுவனங்களின் முகாமைத்துவமும், மாமி. பிஸ்னஸ் ஸ்கூலில்.

வசந்தி: விளங்கவில்லை

தேவன்: என்ஜிஓ நடத்தப் பழக்குகிறார்கள் அக்கா. முதலாம் பாடம் பஜிரோ ஜீப்பில் ஏறுவது எப்படி

வசந்தி: சேவை செய்ய எதற்கு 2000 பவுண்ஸ்? எங்கள் அம்மா கோயில் மடத்தில் அத்தனை வருடம் சமைத்துப் போட்டாவே, எந்தக் கம்பஸில் படித்தா?

ராசன்: பகிடி இருக்கட்டும் தேவன். சுனாமிக்குப் பிறகு அப்படி ஒரு இடத்தில் கணக்கு எழுதினவன் நான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கோ. இது நேற்று முளைத்த படிப்பு இல்லை. யேல் பல்கலைக்கழகம் 1976 இல் முகாமைத்துவப் பள்ளியில் முதல் வகுப்பைச் சேர்த்தபோதே கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் பொதுத் தொண்டுக்கும் ஆட்களை ஒன்றாக இருத்தித்தான் படிப்பித்தார்கள், எம்பிஏ என்ற பட்டத்தையே 1999 வரை கொடுக்கவில்லை. ஹார்வர்டில் 1993 இல் இதற்கென்று ஒரு பிரிவு வந்தது. ஒக்ஸ்ஃபோர்டில் 2003 இல், ஈபேயின் முதல் தலைவராக இருந்த ஜெஃப் ஸ்கோலின் அறக்கட்டளைப் பணத்தில் ஒரு நிலையம். இந்தியாவில் பால் புகழ் குரியன் 1979 இல் குஜராத்தின் ஆனந்த் ஊரில் தொடங்கிய பள்ளியும் இந்த வழிதான், கூட்டுறவுக்கு நல்ல மனசு மட்டும் போதாது, முகாமையாளர் வேண்டும் என்று

தேவன்: அண்ணை இன்னும் எவ்வளவு இருக்கு

ராசன்: இது முகவுரை

வசந்தி: ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் திவசம். வாழைக்காய் யார் வாங்குவது என்று நேற்றுக் கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை

ராசன்: அம்மாவையே எடுத்துக்கொள் வசந்தி. கண்ணில் வெள்ளை படர்ந்தது என்று மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோமே. காசு கட்டுகிறவர்களோடு நாங்கள் நின்றோம், காசு இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் தனிக் கட்டிடம், ஆனால் டொக்டர்மார் இரண்டு பக்கமும் மாறி மாறி வெட்டுகிறவர்கள். ஓய்வுபெற்ற டொக்டர் வெங்கடசாமி 1976 இல் 11 கட்டிலோடு தொடங்கியது. வெளிநாட்டில் 100 டொலர் அளவுக்கு விற்ற கண்வில்லையை 1992 இல் இருந்து தாங்களே செய்து பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் சாப்பாட்டுப் பார்சலோடு காத்திருந்த அந்த இடத்தைத்தான் 1993 இல் ஹார்வர்ட் பாடமாக எழுதியது.

வசந்தி: அந்தப் பயணத்துக்கு டிக்கெற் போட்டது நான்

தேவன்: தொடங்கிவிட்டது

வசந்தி: நீ கதைக்காதே. நிலாவெளிக் காணி யாரால் போனது?

தேவன்: இந்தத் தகவல் நீக்கப்பட்டது

கமலா: மச்சாள், அது இங்கே வேண்டாமே. பிள்ளைகள் இருக்கிறார்கள்

சுகந்தன்: என்ன அழித்தீர்கள் மாமா

தேவன்: வாழைக்காய் நான் வாங்குகிறேன் என்று போட்டேன்

வசந்தி: அதை ஏன் அழித்தாய்?

வசந்தி: சரி அண்ணை, ஒன்று கேட்கிறேன். பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சின்னச் சின்னக் கடன் கொடுக்கிற குழுக்கடன் என்று வந்தார்களே, அவர்களும் இப்படித்தான் ஏழைப் பெண்களை முன்னேற்றுகிறோம் என்றுதானே வந்தார்கள். பங்களாதேஷில் ஒருவருக்கு நோபல் பரிசு வேறு. இங்கே எங்கள் ஒழுங்கையில் கடன் எடுத்த ஒரு பிள்ளையின் படலையடியில் தவணை வாங்குகிறவன் கிழமைக்குக் கிழமை வந்து குந்தியிருந்தான், கட்டும்வரை எழும்பமாட்டான். அந்தப் பிள்ளை ஒரு கடனை அடைக்க மூன்று கடன் எடுத்தாள். 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது. இதைத்தானா படிக்கப் போகிறாள்?

மயூரி: ஓம் மாமி, அதையும்தான். யூனுஸுக்கு 2006 இல் நோபல் கிடைத்தது ஒரு பாடம் என்றால், 2010 இல் ஆந்திராவில் இதே குழுக்கடன் தொல்லையால் அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டது இன்னொரு பாடம். எங்கே பிழை நடந்தது என்று பார்க்காமல் என்ன படிப்பு.

வசந்தி: ம்

மயூரி: குச்சவெளியில் நான் கணக்குப் பார்க்கிற பெண்கள் சங்கத்துக்கு மிளகாய் அரைக்கிற மெசின் ஒன்று இனாமாக வந்தது. நல்ல தூள். ஆனால் பைக்கற்றின் விலையை மிளகாயின் விலையோடு கொஞ்சம் கூட்டிப் போடுகிறார்கள், அவ்வளவுதான். கரன்ட் பில், பைக்கற் ஒட்டுகிற நேரம், மெசின் பழுதானால் திருத்தும் காசு, அவர்களுடைய கூலி, ஒன்றும் அதில் இல்லை. விற்க விற்க நட்டம். விலையைக் கூட்டுங்கோ என்றால் ‘சனம் பாவம் பிள்ளை’ என்கிறார்கள். நான் கோணேசபுரி கம்பஸில் படித்த பிஸ்னஸ் அந்த இடத்தில் பாதி வழிதான் வந்தது.

தேவன்: அந்தத் தூள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிலோ கொண்டுவா

ராசன்: பார்த்தீர்களா, இதைத்தான் நான் சொல்ல வந்தது. எங்கள் காலத்தில் டோனர், அதுதான் நிதி கொடுக்கிறவன், பயிற்சிக்குக் காசு தருவான், காவலாளி சம்பளத்துக்கும் ஜெனரேற்றர் டீசலுக்கும் தரமாட்டான். அதைப் பயிற்சிச் செலவுக்குள் எங்கே நுழைப்பது என்று இரவிரவாக வவுச்சர் பிரித்திருக்கிறேன். டிசம்பர் 31க்கு முன் முடிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும் என்று ஒரே கிழமையில் 60 கதிரை வாங்கினோம், இருப்பதற்குத்தான் ஆள் இல்லை. கடலுக்கே போகாத வீட்டு முற்றத்தில் வள்ளம் கிடந்தது. நல்ல மனசுக்காரர்கள்தான் எல்லோரும், ஆனால் புறொஜெக்ட் முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்று கேட்க ஒருவரும் இல்லை. அதைக் கேட்கப் பழகினால் அந்த 2000 பவுண்ஸ் வீண் இல்லை.

சுகந்தன்: இங்கே பிரித்தானியாவில் இப்படிச் சமூக நோக்கில் தொழில் செய்கிறவர்களுக்கென்றே 2005 இல் இருந்து தனிக் கம்பனி வகை இருக்கு மாமா. இலாபம் பிரிக்க வரம்பு, சொத்தைச் சமூக நோக்கத்துக்கு வெளியே கொண்டுபோக முடியாதபடி பூட்டு

ராசன்: இங்கே இலங்கையில் அப்படித் தனி வகை இல்லை. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தில் தொண்டு நிறுவனமாகப் பதியலாம், அல்லது 2007 கம்பனிச் சட்டத்தில் பங்குக்குப் பதிலாக அங்கத்தவர்களின் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனி. மிளகாய்த்தூள் சங்கம் இரண்டிலும் சரியாகப் பொருந்தாது. அது தனியாக ஒரு பெரிய கதை

தேவன்: வேண்டாம் அண்ணை

கமலா: அத்தான், படிப்பு நல்லதுதான். தனியப் போகிறாள், அதுதான் எனக்கு. அவரும் இல்லை. போனால் திரும்பி வருவாளா?

தேவன்: எங்கள் வீட்டில் போனவர்கள் யார் திரும்பி வந்தது

சுகந்தன்: என்னைத்தானே

தேவன்: பொதுவாகச் சொன்னேன்

சுகந்தன்: மயூ எங்களோடு நிற்கலாம். சின்ன அறை சும்மாதான் கிடக்கு

வசந்தி: உன் மனிசியிடம் கேட்டாயா?

சுகந்தன்: கேட்கிறேன்

ராசன்: காசு விசயம். நான் பாதி போடுகிறேன். கடன் இல்லை, தம்பி சிவா இருந்திருந்தால் தன் மகளுக்குச் செய்திருப்பான்.

கமலா: அத்தான்

தேவன்: என் சீட்டு அடுத்த மாதம்தான் விழும். அதற்குப் பிறகு என்னால் முடிந்தது

வசந்தி: அதைத்தானே போன முறையும் சொன்னாய். கமலா, நகையை அடகு வைக்க ஓடாதே. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறோம், நேரில் கதைப்போம்

மயூரி: மாமி, வெள்ளிக்கிழமை கடைசி நாள்

வசந்தி: இரண்டு நாள் பொறுக்கமாட்டார்களா? வெள்ளைக்காரரிடம் கேட்டுப் பார்

சுகந்தன்: பொறுக்கமாட்டார்கள் அம்மா. மற்றப் பாதியில் 500 நான் இங்கிருந்து நேரே கட்டலாம். மிச்சம் 500 யார்?

சுகந்தன்: ஹலோ?

ராசன்: முதலில் விசா கிடைக்காவிட்டால் கட்டினது திரும்பி வருமா என்று பார்க்க வேண்டும். மயூரி, கடிதத்தை எனக்கு அனுப்பு, முழுதாக வாசிக்காமல் ஒருவரும் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

மயூரி: அனுப்பிவிட்டேன் பெரியப்பா

ராசன்: 3 ஆம் பக்கம் திறக்கவில்லை. தேவன், வந்து இந்த ஃபோனை ஒருக்கால் பார்

தேவன்: சந்தையில் நிற்கிறேன் அண்ணை. வாழைக்காய் எத்தனை கிலோ?