சோப்பு பிரிஞ்சு போச்சு, மேல எண்ணெய் நிக்குது. காப்பாத்த வழி இருக்கா?

வெண்நுரை
அவசரம். நேத்து ராத்திரி ஊத்தின கோல்டு பிராசஸ் சோப்பு (எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் வேகவைக்காம கலந்து பண்றது). காலைல மோல்டைப் பார்த்தா மேல எண்ணெய் மிதக்குது, அடியில வெள்ளையா பொடிப்பொடியா உதிருது, நடுவுல ஒரு குழில தண்ணி மாதிரி ஏதோ நிக்குது. ஊத்தும்போது நல்லா கெட்டியாத்தான் இருந்தது. மேல நின்ன எண்ணெயை வடிச்சுட்டேன். மீதியை அலுமினியச் சட்டில போட்டு உருக்கி மறுபடி ஊத்தினா சரியாயிடுமா? இல்ல தூக்கிப் போடணுமா?

பாகுபதம்
முதல்ல அந்த அலுமினியச் சட்டியைத் தள்ளி வைங்க. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் மட்டும்தான்.

தூக்கிப் போட வேண்டாம். என்னென்ன எண்ணெய், எவ்வளவு? காஸ்டிக் எவ்வளவு, தண்ணி எவ்வளவு? கலக்கும்போது ரெண்டும் என்ன சூட்டுல இருந்தது? வடிச்ச எண்ணெய் எங்க? கொட்டிடலையே?

நடுவுல நிக்கிறதைக் கையால தொடாதீங்க. எண்ணெயோட சேராத காரக் கரைசலா, அதாவது காஸ்டிக் சோடா கரைஞ்ச தண்ணியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு வேலை பண்ணுங்க.

கிராம்புமொட்டு
வாசனை எண்ணெய் வேலை இது. "ஊத்தும்போது கெட்டியா இருந்தது"ன்னு அவரே சொல்றாரே. கிராம்பு எண்ணெய்ல இருக்கிற யூஜெனால் விழுந்த சில நொடிலேயே கலவை இறுகிடும். இறுகினது பாதி, சேராம நின்னது பாதின்னு பிரியும். என்ன வாசனை போட்டீங்க?

தராசு_முள்
காஸ்டிக் சோடாவைக் கையில் எடுப்பதற்கு முன் டிரேஸ் என்றால் என்ன என்று படித்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. எண்ணெயும் காரமும் பிரியாதபடி கலந்து, சோப்பாகத் தொடங்கிக் கெட்டியாகும் நிலைதான் டிரேஸ். கெட்டியாவதெல்லாம் டிரேஸ் அல்ல. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். குளிர்ந்த காரக் கரைசல் பட்டதும் எண்ணெய் உறைந்து, கலவை கெட்டியானது போலத் தெரியும். அது போலி டிரேஸ். மோல்டுக்குள் சூடு ஏறியதும் உறைந்தது உருகி எண்ணெய் மேலே வந்துவிடும். எந்தச் சூட்டில் கலந்தீர்கள் என்பதை எழுதுங்கள். அது இல்லாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

வெண்நுரை
தேங்காய் எண்ணெய் 500, ஆலிவ் 300, ஆமணக்கு 200. காஸ்டிக் 150, தண்ணி 300. லாவெண்டர் 30. சூடு அளக்கல. காரக் கரைசலை ஐஸ் தண்ணில வெச்சு நல்லா ஆறவெச்சேன். தேங்காய் எண்ணெய் லேசா மங்கலா இருந்தது. ஹேண்ட் பிளெண்டர் 2 நிமிஷம் ஓட்டினேன். வடிச்ச எண்ணெய் கிண்ணத்துல இருக்கு.

பாகுபதம்
கிண்ணத்துல இருக்கா, நல்லதாப் போச்சு. அதைத் தொடாம வைங்க. ஐஸ் தண்ணி, மங்கலான எண்ணெய் ரெண்டையும் பார்த்தா போலி டிரேஸ்தான்.

500ன்னு போட்டிருக்கீங்களே, அது கிராமா மில்லியா?

வெண்நுரை
எண்ணெய் எல்லாம் மில்லி, அளவுக் குவளைல. காஸ்டிக் மட்டும் தராசுல. ரெண்டும் ஒண்ணுதானே?

பாகுபதம்
ஒண்ணு இல்ல. ரெண்டாவது சிக்கல் இங்கதான்.

தேங்காய் எண்ணெய் 500 மில்லி எடை போட்டா சுமார் 460 கிராம்தான். ஆலிவ் 300 மில்லி சுமார் 275, ஆமணக்கு 200 மில்லி சுமார் 192. மொத்தம் 927 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்குத் தேவையான காஸ்டிக் தேங்காய்க்கு 0.183, ஆலிவுக்கு 0.135, ஆமணக்குக்கு 0.128. பெருக்கிக் கூட்டினா உங்க எண்ணெய் முழுசும் சோப்பாக 146 கிராம் காஸ்டிக் போதும். நீங்க போட்டது 150. மீதி 4 கிராம் சேர எண்ணெயே இல்லாம நிக்குது.

நீங்க பார்த்துப் பண்ணின செய்முறை தப்பு இல்ல. எல்லாத்தையும் கிராம்ல போட்டிருந்தா 157.6 வரும், அதுல 5 சதவீதம் குறைச்சா 150. எழுதினவர் 5 சதவீதம் சூப்பர்ஃபேட் (சோப்பாகாம மிச்சம் நிக்கிற எண்ணெய்) வெச்சு ஒழுங்காத்தான் எழுதியிருக்கார். குவளைல அளந்ததுல அந்த 5 சதவீதமும் போய், அதுக்கு மேலயும் காரம் ஏறிடுச்சு.

அதனால அப்படியே உருக்கினா பிரிஞ்சது சேரும், ஆனா சோப்பு தோலைக் கடிக்கும். எண்ணெய் கூட்டியே ஆகணும்.

கிராம்புமொட்டு
லாவெண்டர்ல கலப்படம் இருந்தா அதுவும் இறுக வைக்கும். அதை ஒதுக்கிட முடியாது.

தராசு_முள்
வாசனையால் இறுகிய கலவை இறுகியபடியே நிற்கும், இரவில் இளகி எண்ணெய் விடாது. லாவெண்டர் பொதுவாக அப்படி இறுக வைப்பதும் இல்லை. இதை விட்டுவிடுங்கள்.

மஞ்சள்பூ
காரம் கூடிடுச்சுன்னா கொஞ்சம் வினிகர் ஊத்தினா போதாதா? அமிலமும் காரமும் சேர்ந்தா சரியாயிடுமே.

பாகுபதம்
ஒரு கிராம் காஸ்டிக்கை அடக்க 1.5 கிராம் அசிட்டிக் அமிலம் வேணும். 5 சதவீத வினிகர்னா 30 கிராம். அப்ப 4 கிராமுக்கு 120 கிராம் வினிகர். அத்தனை தண்ணியைச் சோப்புல ஏத்தினா இறுக ரொம்ப நாள் ஆகும். கட்டியான சோப்புல ஊத்தினா விழுந்த இடத்துல இருக்கிற நல்ல சோப்பையும் உடைச்சுக் கொழுப்பு அமிலமாக்கிடும். எண்ணெய் சேர்த்தா மிச்சக் காரமும் சோப்பாயிடும். எதுக்கு வினிகர்?

தோல்ல காரம் பட்டாலும் வினிகர் வேண்டாம். ஓடுற தண்ணில நிறைய நேரம் கழுவணும்.

மஞ்சள்பூ
சரி. பிஎச் தாள் வெச்சுப் பார்த்தா காரம் போச்சான்னு தெரியுமா?

தராசு_முள்
தெரியாது. நல்ல சோப்பே தண்ணீரில் 9, 10 காட்டும். பினாப்தலீன் சொட்டுதான் சரியான வழி. இளஞ்சிவப்பு வந்தால் காரம் இருக்கிறது.

பாகுபதம்
ஈரச் சோப்பு மேல சொட்டு விட்டா நல்ல சோப்பும் சிவக்கும். பினாப்தலீன் 8.2 வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்குமே. ஆய்வகத்துல சோப்பை ஆல்கஹால்ல கரைச்சுப் பார்க்கிறது அதுக்காகத்தான். வீட்டுல நாக்குச் சோதனை போதும். ஈர விரலைச் சோப்புல தேச்சு நாக்கு நுனில தொடணும். 9 வோல்ட் பேட்டரி பட்ட மாதிரி சுள்ளுனு இருந்தா காரம் மிச்சம். வெறும் சோப்பு ருசின்னா சரி.

தராசு_முள்
நாக்கு சொல்வது தொட்ட இடத்தைப் பற்றி மட்டுமே. சரியாகக் கலக்காத கட்டியில் ஒரு மூலை நன்றாக இருக்கும், அடுத்த மூலை சுடும். காஸ்டிக்கை நாக்கில் வைக்கச் சொல்வதும் பொறுப்பில்லாத பேச்சு.

பாகுபதம்
மூணு இடத்துல எடுத்துப் பார்க்கணும், அது உங்க பக்கம் நியாயம். பச்சையா திரவம் நிக்கும்போது நாக்குல வைக்கவே கூடாது, அதையும் ஒத்துக்கறேன். நான் சொல்றது வெந்து ஆறின பிறகு.

தேய்ப்பான்
இவங்க சண்டை முடியறதுக்குள்ள அவர் உருக்க ஆரம்பிச்சிடப் போறார். வெண்நுரை, இதைப் பாருங்க.

4 லிட்டருக்குக் குறையாத எவர்சில்வர் பாத்திரம் எடுங்க, பாதிக்கு மேல நிரம்பக் கூடாது. தேங்காய் எண்ணெய் இவ்வளவு இருந்தா சூட்டுல குபுகுபுன்னு பொங்கி வழியும். மோல்டுல உள்ளது அத்தனையும் அதுக்குள்ள போகணும்: உதிர்ந்த பொடி, குழில நிக்கிற திரவம், கிண்ணத்து எண்ணெய். எதையாவது விட்டா பாகுபதம் போட்ட கணக்கு செல்லாது. எண்ணெயை வடிக்கிறதுல இருக்கிற ஆபத்தே இதுதான். எண்ணெய் போய்க் காரம் மட்டும் உள்ளே தங்கிடும்.

அப்புறம் ஆலிவ் எண்ணெய் 90 கிராம், தராசுல. 150 கிராமும் சுத்தக் காஸ்டிக்னு வெச்சா 5 சதவீதம் சூப்பர்ஃபேட் வரும். ஈரம் இழுத்து 98 சதவீதமா இருந்தா 7 வரும். ரெண்டுமே நல்ல சோப்புதான்.

பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள்ள உட்கார வெச்சு, மூடி, சின்னத் தீ. கலவை 70லிருந்து 80 டிகிரிக்குள்ள இருக்கட்டும். கட்டி இளகினதும் ஹேண்ட் பிளெண்டரை அடில அழுத்திப் பிடிச்சு ஓட்டுங்க, தெறிச்சா கண்ணுக்கு ஆபத்து. எண்ணெய் தனியாத் தெரியாம போற வரை ஓட்டிட்டு, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளறுங்க. முதல்ல மசிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஓரத்துலேருந்து கண்ணாடியாகி, முழுசும் வேஸ்லின் மாதிரி வந்தா வெந்துடுச்சு. ஒரு மணி நேரமோ ரெண்டோ ஆகலாம். ரொம்ப வறண்டா வெந்நீர் ஒவ்வொரு கரண்டியா விடுங்க. பொங்கினா அடுப்பை அணைச்சுக் கிளறுங்க, மூடியை அழுத்தாதீங்க.

ஒரு துண்டு ஆறவெச்சு நாக்குச் சோதனை. சுள்ளுனு இருந்தா இன்னும் அரை மணி. அப்பவும் போகலைன்னா 10 கிராம் எண்ணெய் சேர்த்து மறுபடி வேகவிடுங்க. மோல்டுல போடும்போது கரண்டியால அழுத்தித் தட்டுங்க, இல்லன்னா உள்ளே ஓட்டை விழும். வழவழப்பா வராது, கரடுமுரடாத்தான் இருக்கும். வெந்ததால காரம் முடிஞ்சிருக்கும், ஆனா தண்ணி வத்த 4 வாரம் காத்துல வைங்க.

மஞ்சள்பூ
மேல வெள்ளையாப் படியறதும் காரம்தானா?

தேய்ப்பான்
மெல்லிய சாம்பல் மாதிரி படிஞ்சா அது சோடியம் கார்பனேட், துடைச்சா போயிடும். வெட்டின உள்பக்கத்துல ஊசி ஊசியாவோ ஈரக் குழியாவோ இருந்தாத்தான் பயப்படணும்.

வெண்நுரை
பண்ணிட்டேன். ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. ஒரு தடவை பொங்குச்சு, அடுப்பை அணைச்சேன். மூணு இடத்துல பார்த்தேன், சுள்ளுனு இல்ல. ரொம்ப நன்றி.

தேய்ப்பான்
நல்லது. வேகும்போது வெந்நீர் சேர்த்தீங்களா, எவ்வளவு? நிறைய சேர்ந்திருந்தா 4 வாரம் போதாது.

தராசு_முள்
அடுத்த முறை இரண்டும் 38 முதல் 43 டிகிரிக்குள் இருக்கும்போது கலக்குங்கள். எண்ணெய் கண்ணாடி போலத் தெளிந்திருக்க வேண்டும். தராசு ஒரு கிராம் துல்லியம் காட்ட வேண்டும்.

தேய்ப்பான்
வெண்நுரை, தண்ணி அளவு?