புதுப்பிப்பு: கிண்ணத்தின் அடியில் எஸ் வடிவ விரிசல் – தீர்ந்தது

சக்கரத்தில் வனையும் ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுடும் கெட்டியான மண்) கிண்ணங்கள் காயும்போது அடியில் எஸ் வடிவத்தில் விரிசல் விடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, அடிப்பகுதியை அழுத்தச் சொன்ன யோசனைதான். மண் உருண்டையின் நடுவில் குழித்துத் திறந்ததும், மர ரிப்பால் (மண்ணை அழுத்தி வழிக்கும் தட்டையான மரத்துண்டு) நடுவிலிருந்து ஓரத்துக்கும், திரும்ப நடுவுக்குமாக மூன்று முறை அழுத்தினேன். அப்புறம் உள்ளே தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். 12 கிண்ணங்களில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. பிஸ்க் சூளையிலிருந்தும் (கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சுக்கு முன் சுடும் முதல் சூளை) முழுசாக வந்தன. மண்ணை மாற்றிப் பார்த்தது பலன் தரவில்லை. பழைய முறையில் வனைந்தால் புது மண்ணும் விரிசல் விட்டது.

எதிர்பாராத ஒன்று: அகலத் தட்டுகள் இரண்டில் மட்டும் விரிசல் வந்தது. விளிம்பு சீக்கிரம் காய, அடி ஈரமாகவே இருந்திருக்கிறது. இப்போது விளிம்பு இறுகியதும் கவிழ்த்து, பிளாஸ்டிக் தாளால் மூடி மெதுவாகக் காயவைக்கிறேன். அதற்குப் பிறகு வனைந்த தட்டுகள் விரிசல் விடவில்லை.