கப்பலில் போய்த் திமிங்கலமும் பனியாறும் பார்த்தவர்கள் – டெல்டாக்காரர்கள் எழுதுங்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து

நானே ஆரம்பிக்கிறேன். போன ஜூன் கடைசியில் அப்பா, அம்மா, நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர் என ஆறு பேர் அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வந்தோம். தம்பி சியாட்டிலில் இருக்கிறான். அங்கே ஏறி, ஜூனோ, கிளேசியர் பே, கெட்சிகன், கடைசியில் கனடாவின் விக்டோரியா, திரும்ப சியாட்டில். ஏழு நாள்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கடைமடை விவசாயி. மேட்டூர் 12-ஆம் தேதி திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் இன்னும் வந்து சேராத நேரத்தில் அவரைக் கிளப்பினோம். கப்பலில் முதல் இரண்டு நாளும் அவர் மனசு வாய்க்கால் கரையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் ஜூனோ. அலாஸ்காவின் தலைநகரம் அது, ஆனால் வெளியூரிலிருந்து அங்கே போக சாலையே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் ஆக் பே என்ற இடத்துக்குப் போய்ச் சின்னப் படகில் ஏறினோம். முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. குளிர் காதைப் பிடித்து இழுத்தது. பெரியவன் செல்போனை எடுத்துவிட்டான்.

அப்பா மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க பாரு, பறவை கூடுது. அந்தப் பக்கம் விடச் சொல்லு" என்றார். நம்மூரில் டிராக்டர் உழும்போது பின்னாலேயே கொக்கும் மடையானும் இறங்குமே, அதைப் பார்த்துப் பழகிய கண். படகோட்டியும் அதே கடற்பறவைக் கூட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார், நான் சொல்லும் முன்னாலேயே திருப்பிவிட்டார்.

தண்ணீரில் வட்டமாகக் குமிழி கிளம்பியது. பெரிய வட்டம். ஒரு நொடிக்குள் அந்த வட்டத்துக்குள்ளிருந்து ஐந்தாறு திமிங்கலங்கள் வாயைத் திறந்தபடி ஒன்றாக மேலே வந்தன. அடியில் மூச்சைக் குமிழியாக விட்டுக்கொண்டே மீன் கூட்டத்தைச் சுற்றி வருமாம். ஹெர்ரிங் மீன்கள் குமிழியைத் தாண்டத் தயங்கி நடுவில் நெருங்கி நிற்க, கீழேயிருந்து மொத்தமாக வாரிக்கொண்டு வரும். காற்றாலேயே வலை கட்டுகிற ஜீவன்! கூனல் முதுகுத் திமிங்கலம் என்று நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்ததுதான் இது. பன்னிரண்டு முதல் பதினைந்து மீட்டர் நீளம் வளரும். நின்று பார்த்தபோது அந்தக் கணக்கெல்லாம் தலையில் ஏறவில்லை. என் சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்த வலிதான் ஞாபகம் இருக்கிறது.

படகு 100 கெஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, உள்ளே போகக்கூடாது என்பது அங்கே சட்டம். அத்தனை தூரத்திலும் மூச்சுச் சத்தம் கேட்டது. நீண்ட நாள் ஓட்டாத பம்புசெட், தண்ணீர் எடுக்கும் முன் குழாயிலிருந்து காற்றைத் தள்ளுமே, அந்தச் சத்தம். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது நாற்றமும் வந்தது, அழுகின மீன் நாற்றம்.

ஒவ்வொன்றும் உள்ளே இறங்கும்போது வாலைத் தூக்கிக் காட்டும். வாலின் அடிப்பக்கத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளைத் திட்டு ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்து இன்ன திமிங்கலம் என்று அடையாளம் சொல்கிறார்கள். அம்மா கேட்டுவிட்டு, "மாட்டுக்குச் சுழி பாக்கற மாதிரி" என்றாள். குளிர்காலத்தில் பெரும்பாலானவை ஹவாய்ப் பக்கம், நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், நீந்திப் போய்க் குட்டி போடுமாம். அங்கே தீனி அநேகமாக இல்லை. கோடையில் இங்கே தின்று சேர்த்த கொழுப்பில்தான் தாய் பால் கொடுக்கிறது. கோடியக்கரைக்குப் பூநாரை வருவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, வலசை என்றால் சிறகு வேண்டும் என்ற நினைப்பு அன்றோடு போனது.

மறுநாள் கிளேசியர் பே. பனியாறுகள் கடலில் இறங்கும் விரிகுடா அது, தேசியப் பூங்கா. என் பதிவே அதற்காகத்தான்.

காலையில் சிறு படகில் பூங்கா அதிகாரிகள் வந்து எங்கள் கப்பலில் ஏறினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குமேல் அந்த விரிகுடாவுக்குள் விடுவதில்லை. அப்பா வேட்டிக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை, தலையில் மஃப்ளரோடு மேல்தளத்தில் நின்றார். உள்ளே போகப் போகக் கடல் நிறம் மாறியது. நீலம் போய்ப் பச்சை, பச்சை போய் பாலில் சாம்பல் கலந்த மாதிரி.

"ஏம்மா, தண்ணி கலங்கல் ஓடுது பாரு. மண்ணு வருது" என்றார் அப்பா.

அதிகாரி பிறகு ஒலிபெருக்கியில் சொன்னதும் அதுதான். பனியாறு நகரும்போது அடியில் இருக்கும் பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்த மாவு உருகிய நீரோடு கடலில் கலந்து மிதக்கிறது. ஆடியில் புதுத்தண்ணீர் செங்காவி நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்த மனுஷருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நம்ம ஆத்துக்கு வண்டல் வந்த காலம்னு எங்க அப்பா சொல்வாரு. மேட்டூரு கட்டின பிறகு அது அங்கேயே தங்கிப்போச்சு. இங்க இன்னும் அரைக்கிற வேல நடக்குது" என்று ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. தாத்தா அப்போது சிறுவன்.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் ஒரு மணி நேரம் நின்று, இரண்டு பக்கத்தாரும் பார்க்கட்டும் என்று மெல்லத் திரும்பியது. சுமார் 34 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றின் நுனி, ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு மதில் மாதிரி கடலில் நிற்கிறது. இடுக்குகளில் நீலம். பனி மேல் பனி விழுந்து அழுந்தி, உள்ளே இருந்த காற்றெல்லாம் போய் இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், நீலம்தான் மிச்சம். ஒரு பெரிய துண்டு சரிந்தது. சத்தமே இல்லை. தண்ணீர் எழும்பின பிறகுதான் இடி வந்து சேர்ந்தது. ஒளி முதலில், ஒலி பிறகு என்று பள்ளியில் படித்ததை என் மகன் அன்றைக்குத்தான் நம்பினான். அங்கத்திய ட்லிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்கிறார்கள்.

அந்த மக்களின் கதை அப்பாவை உலுக்கிவிட்டது. ஹூனா ட்லிங்கிட் என்பவர்களின் ஊர் இந்த விரிகுடாவில்தான் இருந்தது. 1700-களில் பனியாறு முன்னேறி வந்து அவர்களை விரட்டியது. 1750 வாக்கில் விரிகுடா முழுக்கப் பனி. பிறகு அது பின்வாங்கத் தொடங்கியது. 1794-இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது வாயிலில் சில கிலோமீட்டர் மட்டும் திறந்திருந்தது. 1916-க்குள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் திறந்துவிட்டது. நாங்கள் காலையிலிருந்து கப்பலில் வந்த வழி அத்தனையும் இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் பனிக்கட்டி! 2016-இல் அந்த விரிகுடாவின் கரையில் ஹூனா மக்களுக்கு மறுபடி ஒரு குலவீடு எழுந்திருக்கிறது. "பூம்புகார்க்காரனுக்கு இது புரியும்" என்றார் அப்பா. வேறொன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் சிக்னல் கிடைத்ததும் ஊருக்குப் போன் போட்டார். சித்தப்பா, "மதகு வரைக்கும் வந்துட்டுது அண்ணே" என்றார். அன்றைக்கு அப்பா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

நாகப்பட்டினத்திலிருந்து

அக்கா, அந்த மூச்சு நாற்றத்தை எழுதினீர்களே, அதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. நான் கப்பலில் போனதில்லை. அப்பாவோடு விசைப்படகில் போனவன். பதினேழு வயதில், கரையை விட்டு இரண்டாம் ராத்திரி. நிலா இல்லை. படகுக்குப் பக்கத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம், உடனே முகத்தில் ஈரம், அந்த நாற்றம். சித்தப்பா இன்ஜினை நிறுத்தச் சொன்னார். விளக்கு வெளிச்சத்தில் முதுகு மட்டும் தெரிந்தது, போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. ஓங்கில், அதாவது டால்பின் கூட்டம் நாங்கள் தினம் பார்ப்பது, குதித்து விளையாடும். இது விளையாடவில்லை. நிதானமாகப் போனது. சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் எதையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

பறவை கூடும் இடத்தில் மீன் என்பது எங்களுக்கும் பாலபாடம். உங்கள் அப்பாவைக் கடலுக்குக் கூட்டிப்போகலாம்.

கும்பகோணத்திலிருந்து

இரண்டு வருஷம் முன் நாங்களும் போனோம். நல்லதைச் சகோதரி சொல்லிவிட்டார், நான் பட்டதைச் சொல்கிறேன், போகிறவர்களுக்கு உதவும். அமெரிக்க விசா மட்டும் போதும் என்று எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். அது தவறு. சியாட்டிலிலிருந்து கிளம்பும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல், 1886-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டப்படி, வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் விக்டோரியா. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு அதற்குக் கனடா விசா வேண்டும். கடைசி வாரத்தில் இதைத் தெரிந்துகொண்டு நான் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது. கனடாவின் வான்கூவர் நகரில் ஏறினாலும் இரண்டு விசாவும் வேண்டும்.

மாமியாருக்கு முழங்கால் வலி, சின்னப் படகில் ஏற முடியவில்லை. அறை ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தார். நாங்கள் வெளியே சுற்றிவிட்டு ஒன்றும் பார்க்காமல் திரும்பிய நாளில், அவர் மூன்று வால் பார்த்திருந்தார்.

மயிலாடுதுறையிலிருந்து

அக்கா, எந்த மாசம் போகலாம்? அப்பா, அம்மாவைக் கூட்டிப்போக ஆசை. எங்கள் வீட்டிலும் விவசாயம்தான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து

தம்பி, மே முதல் செப்டம்பர் வரைக்கும் கப்பல் ஓடும், திமிங்கலமும் இருக்கும். ஆடிப்பெருக்குக்கு ஊரில் இருந்தாக வேண்டும் என்றால் ஜூனிலேயே முடித்துவிடுங்கள். அப்பாவுக்கு நல்ல மஃப்ளர் வாங்குங்கள், காது மூடுகிற மாதிரி. கனடா விசாவை முதலில் போடுங்கள்.