மறு: எலீட் மாரத்தான் ஓட்டக்காரர் – கலைச்சொல் தேவை (அவசரம்)

கே.கே.நகர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். மதுரையில் நடக்கவிருக்கும் ஒரு மாரத்தானின் விதிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். 'எலீட்' (elite) என்ற பிரிவின் பெயர் மட்டும் இடிக்கிறது. அந்தப் பிரிவினருக்குத் தனிப் பரிசு, முன்வரிசையில் தொடக்கம், வழியில் அவரவர் தண்ணீர் பாட்டிலை வைக்கத் தனி மேசை. மொழிபெயர்ப்புச் செயலி 'மேட்டுக்குடி ஓட்டக்காரர்' என்கிறது. அதை அச்சிட்டால் என்னைத்தான் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓட விடுவார்கள்.

மேலூர்ப் புலவர் எழுதியது:

தம்பி, மேட்டுக்குடியும் வேண்டாம், மேட்டிமையும் வேண்டாம். மூலச்சொல் இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழி வந்தது. பொறுக்கி எடுத்தது என்று பொருள். 'பொறுக்கி' இன்று கெட்டுப்போய்விட்டதால் நமக்கு ஆகாது. ஆனால் 'தெரிதல்' இருக்கிறதே! குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. அங்கே தெரிதல் என்றால் ஆராய்ந்து தேர்தல். அடுத்து, ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை. பேருந்தை ஓட்டுபவர் ஓட்டுநர், தானே ஓடுபவர் ஓடுநர். ஆகவே 'தெரிவோடுநர்'. மாரத்தானையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. அது கிரேக்கத்து ஊர். அந்தப் பெயர் சோம்புச் செடியிலிருந்து வந்தது என்பார்கள்.

திருநகர் ஆசிரியை எழுதியது:

ஐயா, அப்படியானால் 'சோம்பு ஓட்டம்' என்று போட்டுவிடலாமா? கூட்டம் அள்ளும்.

'தெரிவோடுநர்' என்பதை என் வகுப்புப் பிள்ளைகள் 'தெரிவோடு' என்று நிறுத்திவிட்டு 'நர்' எங்கே ஒட்டும் என்று தேடுவார்கள். 'ஓடுநர்' என்று எழுதினால் மெய்ப்புப் பார்ப்பவர் பிழை என்று நினைத்து 'ஓட்டுநர்' ஆக்கிவிடுவார். அப்புறம் பெரியார் பேருந்து நிலையத்து ஆட்டோ அண்ணன்மார் பரிசு கேட்டு வந்து நிற்பார்கள்.

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

எங்கட பக்கம் 'மரதன் ஓட்டம்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். எலீட்டுக்கு 'உயர்குழாம்' உண்டு, ஆனால் அது சமூகவியல் பாடத்துக்குரியது.

திருமங்கலம் பி.டி. வாத்தியார் எழுதியது:

சொல்லை விடுங்கள், ஆள் யார் என்று பார்ப்போம். மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். 2023இல் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் அதை 2 மணி 35 நொடியில் முடித்தார். கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற ஆண்களுக்கு 2:08:10, பெண்களுக்கு 2:26:50 என்று வைத்தார்கள். நம் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் ஓடியது 2:12:00. பல பத்தாண்டுகள் தேசியச் சாதனையாக நின்ற ஓட்டம். பாரிஸ் கணக்கில் அவருக்கு இடமில்லை. அதற்காக அவரை எலீட் இல்லை என்று எவனாவது சொல்வானா?

நிலையான கோடு எதுவும் கிடையாது. அண்மையில் எந்தப் போட்டியில் எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்று பார்த்து, நடத்துபவர்கள் அழைக்கிறார்கள். கென்யாவின் நைரோபியில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடுபவர் இங்கே வந்தால் முதல் வரிசை. அழகர்கோயில் ரோட்டில் எல்லோரையும் முந்துகிற நம்ம பையன் மூன்று மணி நேரத்தில் முடித்தால் அது பெரிய விஷயம்தான், ஆனாலும் அந்த மேசையில் அவன் பாட்டில் இருக்காது. அழைப்புதான் அடையாளம். 'அழைப்பு ஓட்டக்காரர்' என்று வையுங்கள்.

தல்லாகுளத்தான் எழுதியது:

கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது சார். நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று எவ்வளவு அழகாகப் பிரித்திருக்கிறார்கள்! எலீட்டுக்குப் 'பெரிய மாடு' போதாதா?

(இதற்குப் பின் புலவர் 'பூஞ்சிட்டு' என்ற சொல்லின் வேர் பற்றி எழுதிய நீண்ட மடலும், கரிச்சான் குருவி அதற்குள் எப்படி வந்தது என்ற சண்டையும் தனி இழைக்கு மாற்றப்பட்டன. – மட்டுறுத்துநர்)

கே.கே.நகர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை வெள்ளி. 'முன்னணி ஓட்டக்காரர்' போதும் என்று தோன்றுகிறது. பத்திரிகையில் பழகிய சொல், யாருக்கும் உறுத்தாது. அதையே போடுகிறேன்.

திருமங்கலம் பி.டி. வாத்தியார் எழுதியது:

போடுங்கள். ஆனால் வேகம் அமைத்துக் கொடுக்கக் கூலிக்கு ஓடுகிறவர் முப்பது கிலோமீட்டர்வரை எல்லோருக்கும் முன்னால் ஓடிவிட்டு விலகிக்கொள்வார். அதுவரை முன்னணி அவர்தான். பரிசு கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கே.கே.நகர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அதற்குத்தான் விளக்கம் சேர்த்திருக்கிறேன் சார்: "முன்னணி ஓட்டக்காரர் என்பவர், அண்மைய ஓட்ட நேரத்தின் அடிப்படையில் போட்டிக் குழு தேர்ந்து அழைத்தவர், வேக அமைப்பாளர் இதில் சேரார்."

மேலூர்ப் புலவர் எழுதியது:

'தேர்ந்து' இருக்கும் இடத்தில் 'தெரிந்து' என்றாவது போடலாமே தம்பி. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.