காரின் உட்புறக் கண்ணாடியில் ஆவி படிவதை எப்படித் தடுப்பது?

கேள்வி: ஃபாரஸ்ட் சைடு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மொரீஷியஸில் கியூர்ப்பிப்பை அடுத்த ஃபாரஸ்ட் சைடில் குடியிருக்கிறேன். பள்ளி போர்ட் லூயிஸில் இருப்பதால் காலை ஆறு மணிக்கு முன்பே வண்டியை எடுத்துவிடுவேன். முன் இருக்கையில் மாமியாரும் பின் இருக்கையில் என் மகனும் வருவார்கள். எங்கள் குளிர்காலமான ஜூன் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் கண்ணாடி தெளிவாக இருந்ததில்லை. புறப்படும்போது ஓரளவு தெரிகிற சாலை, மூவரும் ஏறிக் கதவை அடைத்த ஐந்தாவது நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல் மறைந்துவிடுகிறது. வெளியே தூறல் ஓய்வதே இல்லை என்பதால், அந்த ஈரக் காற்று உள்ளே வரக் கூடாது என்று எண்ணி, காருக்குள் இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும் பொத்தானை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கிறேன். கைக்குட்டையால் துடைத்தால் உடனே மீண்டும் படிகிறது; துடைத்த இடத்தில் விரல் அகலத்துக்குக் கோடுகள் விழுந்து, எதிரே வரும் வண்டிகளின் விளக்கு அவற்றில் பட்டுச் சிதறுகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை, பாதசாரிகள் கடக்கும் இடத்தில், கறுப்பு மழைக்கோட்டு அணிந்த ஒரு பெரியவர் வண்டிக்கு மிக அருகில் வந்த பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தார். பிரேக் பிடித்துவிட்டேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதல் இரண்டு வகுப்புகள் முடியும்வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை. ஈரம் உறிஞ்சும் பை ஒன்றை வாங்கி டேஷ்போர்டின் மேல் வைத்தேன், பயன் தெரியவில்லை. வண்டிக்குப் பதினோரு வயது ஆகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: வாக்வா பட்டறைக்காரர்

அம்மா, முதலில் அந்தப் பொத்தானை விடுவித்துவிடுங்கள். உங்கள் கண்ணாடியை மறைப்பது வெளியே பெய்யும் தூறல் அன்று, உள்ளே இருக்கும் மூவரின் மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகிறார். சிறிய காரின் உட்புறம் சுமார் மூன்று கன மீட்டர். 16 டிகிரிக் குளிரில் அவ்வளவு காற்றும் சேர்ந்து தாங்கக்கூடிய நீராவி 40 கிராம்தான். முன்பே ஈரமாக இருக்கும் காற்றில் மூன்று பேர் மூச்சு விட்டால் ஐந்து நிமிடம் போதும். மிஞ்சிய நீர் எங்கே குளிர்ச்சி அதிகமோ அங்கே, அதாவது கண்ணாடியில், போய் உட்காரும்.

மழைக்காலத்து வெளிக்காற்றும் ஈரம்தானே என்று பட்டறைக்கு வருகிறவர்களில் பலரும் கேட்கிறார்கள். ஈரம்தான். ஆனால் 16 டிகிரியில் நிறைந்திருக்கும் காற்றை ஹீட்டர் 26 டிகிரிக்குச் சூடாக்கும்போது, அதே காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் அதில் இருக்கும். மீதி இடத்துக்கு அது உங்கள் கண்ணாடியிலிருந்தும் துணிகளிலிருந்தும் நீரை எடுத்துக்கொண்டு பின்பக்க வழியாக வெளியேறிவிடும். அடைத்து வைத்த காற்றுக்கு அந்த வசதி கிடையாது.

அதோடு ஏசியையும் போடுங்கள். குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று தோன்றும். ஆனால் ஏசியின் குளிர்ந்த சுருளில் படும்போது காற்றிலுள்ள நீர் சொட்டாகி, குழாய் வழியே வண்டிக்கு அடியில் வடிந்துவிடுகிறது. உலர்ந்த அந்தக் காற்றை ஹீட்டர் சூடாக்கித் தருகிறது. ஆகவே வெப்பத் திருகைச் சிவப்புப் பக்கம் வைத்து, ஏசியை இயக்கி, காற்று முன்கண்ணாடியை நோக்கி வீசும்படி திருப்பி, விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். கண்ணாடி தெளிந்த பிறகு விசிறியைக் குறைக்கலாம்; ஏசியை மட்டும் வழியில் நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சுருளில் தங்கியிருக்கும் நீர் மீண்டும் ஆவியாகி, திடீரென்று முழுக் கண்ணாடியும் மங்கும். எம்1 சாலையில் வேகமாகப் போகும்போது அப்படி நேர்ந்தால் ஆபத்து.

பதினோரு வயது வண்டி என்பதால் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலான வண்டிகளில், டேஷ்போர்டில் பொருள் வைக்கும் முன்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டி தூசும் இலைத்தூளும் அடைத்துப்போயிருந்தால் விசிறி எவ்வளவு சுற்றினாலும் காற்று வராது. அடுத்து, நான்கு இருக்கைகளின் கால்வைக்கும் இடத்திலும் மிதியடியை எடுத்துவிட்டு, கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்.

பதில்: லெ தாம்போன் வாசகர், ரியூனியன் தீவு

பட்டறைக்கார அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் பிளேன் தே காஃப்ர் பகுதி 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பூத்திருக்கும். அங்கே இரவு நிறுத்திய வண்டியின் உள்கண்ணாடியில் முந்தைய மாலையின் மூச்சே மெல்லிய பனித்தகடாக உறைந்திருப்பதைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். அன்றுமுதல், வீடு சேர்ந்ததும் நான்கு கதவுகளையும் இரண்டு நிமிடம் திறந்துவிட்டு, நனைந்த குடை, காலணி, பள்ளிப்பையில் மறந்துபோன ஈரத்துண்டு என எதையும் வண்டியில் விடாமல் எடுத்துவிடுகிறேன்.

சகோதரி, அந்தக் கோடுகள் உங்கள் கண்ணாடியில் எண்ணெய்ப்படலம் இருப்பதைக் காட்டுகின்றன. டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கிலிருந்து வெயிலில் கிளம்பும் ஆவியும் கைப்பட்ட அழுக்கும் சேர்ந்து உண்டாவது அது. ஈரம் சிறு துளிகளாகப் பற்றிக்கொள்ள அதுவே இடம் தருகிறது. கண்ணாடி துடைக்கும் திரவத்தில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் மறு முறை, மூலைகள் வரை துடையுங்கள். கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியில் அம்மோனியா கலந்த திரவம் படக் கூடாது, தாள் கெட்டுவிடும். பின்கண்ணாடியில் வெப்பக்கம்பிகள் போகும் திசையிலேயே, குறுக்கே அழுத்தாமல் துடைக்க வேண்டும். ஷேவிங் நுரையைப் பூசி வழிப்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஆவி துளியாக நிற்காமல் படலமாகப் பரவும் என்பது உண்மையே. ஆயினும் சரியாக வழிக்காவிட்டால் இரவில் விளக்கொளி கூசும் என்பதால், விடியுமுன் வண்டி ஓட்டும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஈரம் உறிஞ்சும் பை, ஓடாமல் நின்றிருக்கும் வண்டிக்குத்தான் உதவும். அதிலுள்ள சிலிகா மணிகள் தம் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்கும். கால் கிலோ பை என்றால் 80 கிராம், அதாவது உங்கள் மூவரின் மூச்சில் நாற்பது நிமிடம். பிறகு அதை அடுப்பில் உலர்த்தினால்தான் மீண்டும் வேலை செய்யும்.

பதில்: ஃபாரஸ்ட் சைடு ஆசிரியை

ஐயா, பொத்தானை விடுவித்து, ஏசியோடு ஹீட்டரையும் போட்டதில் கண்ணாடி மூன்று நிமிடத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்தது. மாமியார் "இதை ஏன் இத்தனை நாள் செய்யவில்லை?" என்று கேட்டார். ஆனால் மறுநாள் காலை வண்டியைத் திறந்தபோது ஆள் ஏறுவதற்கு முன்பே எல்லாக் கண்ணாடியும் வியர்த்திருந்தது. நீங்கள் சொன்னபடி அழுத்திப் பார்த்தேன். மாமியார் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் மேலே உலர்ந்துதான் இருந்தது; அழுத்தியதும் விரல்களுக்கிடையே தண்ணீர் ஊறி வந்தது. எங்கிருந்து வருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாக்வா பட்டறைக்காரர்

அந்த நீரை வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்து முகர்ந்து பாருங்கள். நிறமும் வழவழப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டரின் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது. அந்த ஆவி கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படியும், கூலண்ட் தொட்டியின் மட்டமும் இறங்கும். அப்படியானால் வண்டியை ஓட்டாமல் உடனே பழுதுபார்க்க வேண்டும். வெறும் தண்ணீராக இருந்து, மழையில்லாத நாளிலும் ஏசி போட்ட பிறகு ஈரம் கூடினால், ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது. மழைக்குப் பிறகு மட்டும் கூடினால், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் நிற்கும் பள்ளத்தைப் பாருங்கள். மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் அந்தப் பள்ளத்தின் வடிதுளை இலைகளால் மூடி, நீர் விசிறி வழியாக இடப்பக்கம் உள்ளே இறங்குவதை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன்.

எதுவானாலும் கசிவை அடைத்ததோடு விட்டுவிடாதீர்கள். கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு லிட்டர் கணக்கில் நீரைப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து வெயில் பட்டாலும் காயாது. இருக்கையைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடியில் விசிறியின் காற்று போகும்படி இரண்டு மூன்று நாள் வையுங்கள்.

பதில்: ஃபாரஸ்ட் சைடு ஆசிரியை

தாளில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எங்கள் வீட்டு லிச்சி மரத்தின் கீழேதான் வண்டி நிற்கிறது. வைப்பர் பள்ளத்தில் கை விட்டபோது, மக்கிக் கறுத்த இலைகள் இரண்டு கைப்பிடி வந்தன. அந்தப் பள்ளத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றியதும் சக்கரத்துக்குப் பின்னால் சொட்டத் தொடங்கியது. இருக்கையை என் கணவர் கழற்றிவிட்டார், பஞ்சு கொல்லைத் திண்ணையில் காய்கிறது. அது காயும் வரை மாமியார் பின் இருக்கையில் வருவார்.