“அனைவரும் ஒரே அணியில் நின்றனர்” – பின்னி மில் பலகை பற்றி

புளியந்தோப்புக்காரன்:
ஞாயித்துக்கிழமை பெரம்பூர் பக்கம் நடந்த உழைப்பாளர் கலைவிழாவுக்குக் குடும்பத்தோட போயிருந்தேன். பறை, கூத்து, கானா, துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்களோட பழைய போட்டோ, எல்லாம் இருந்தது. குறை சொல்ல வரல. ஆனா வாசல்ல ஒரு பலகை. “1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் அனைவரும் சாதி மறந்து ஒரே அணியில் நின்றனர்.” கொட்டை எழுத்துல. பார்த்ததும் வயிறு எரிஞ்சுது. அனைவருமா? அந்த வருஷம் ஜூன் மாசம் புளியந்தோப்புல எரிஞ்ச குடிசைங்க யாரோடது? வேலைநிறுத்தத்துல சேராம ஆதிதிராவிடத் தொழிலாளிங்க மில்லுக்கு வேலைக்குப் போனாங்கன்னுதானே கொளுத்தினாங்க? அந்த ஜனங்களை வியாசர்பாடியில முகாம் போட்டுத் தங்க வச்ச கதை தெரியாதா? எழுதினவர் வந்து பதில் சொல்லட்டும்.

பெரம்பூர் பேரன்:
ஆரம்பிச்சிட்டாருய்யா. ஊரே கூடி ஒரு நல்ல காரியம் பண்ணினா உங்களுக்கு ஒரு சொல்லுதான் கண்ணுல படும். எங்க தாத்தா பின்னி கம்பெனியோட கர்னாடிக் மில்லுல தறி ஓட்டினவர். சங்கு ஊதுறதுக்கு முன்னாடி கேட்டுல நிக்கணும், ஒரு நிமிஷம் பிந்தினா கூலி போச்சு. அந்த வாழ்க்கையிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் பொறந்தது. இந்தியாவுலயே முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம் எங்க பெரம்பூர்ல. அதைக் கொண்டாடத்தான் விழா. ஒப்பாரி வைக்கணும்னா தனியா வைங்க.

புளியந்தோப்புக்காரன்:
1918-ஐப் பத்தி நான் பேசவே இல்ல. பலகையில இருக்கிற வருஷம் 1921. அதுல “அனைவரும்”னு இருக்கா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பெரம்பூர் பேரன்:
பிரிச்சது வெள்ளைக்காரக் கம்பெனி. அதிகாரிங்க ஒரு பக்கத்துக்கு ஆதரவு குடுத்து வேலைநிறுத்தத்தை உடைச்சாங்க. அதைப் பேச மாட்டீங்களே! ஆகஸ்ட் 29-ல பெரம்பூர்ல போலீஸ் சுட்டதையும் பேச மாட்டீங்க. செத்தவங்க யாரு? எங்க ஆளுங்க.

புளியந்தோப்புக்காரன்:
பாருங்க, “எங்க ஆளுங்க”. அதுக்குள்ள அனைவரும் எங்க போனாங்க? துப்பாக்கிச் சூட்டை நான் மறுக்கல, அதுவும் பலகையில வரணும். ஆனா 1920 கடைசியில பின்னியோட இன்னொரு மில்லான பக்கிங்ஹாம் மில்லைக் கம்பெனி பூட்டினப்ப கூலி இல்லாம எங்க ஜனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதணும். கையில காசில்ல, விதைக்க நிலமில்ல, கடன் குடுக்க சொந்தக்காரன் இல்ல. அவன் மறுபடி வேலைக்குப் போனா துரோகியா? ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அன்னைக்கே இதைச் சட்டசபையில கேட்டார். அப்ப ஆட்சியில இருந்த நீதிக்கட்சித் தலைவர்களோட மோதினார். நூறு வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு பலகையில கூட எங்க சேரி வரல.

ராயபுரம் ரயிலடி:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. வடசென்னைன்னா பின்னி மில் மட்டும்தானா? ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல திறந்தது. துறைமுகம் எங்களோடது, பண்டகசாலை எங்களோடது. 1923-ல தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினப்ப ரெண்டு கூட்டத்துல ஒண்ணு ஐகோர்ட்டுக்கு எதிர்க்கடற்கரையில. அதுக்கு அந்த விழாவுல எத்தனை போட்டோ? மூலையில ஒண்ணே ஒண்ணு, அதுக்கும் மேல ஜூஸ் கடை பேனர். பெரம்பூர்க்காரங்க விழா எடுத்தா இப்படித்தான்.

பெரம்பூர் பேரன்:
உங்க ஊர்ல எடுங்களேன். யார் வேணாம்னா? போன வருஷம் குத்துச்சண்டைத் திரியிலயும் சார்பட்டா பரம்பரையா இடியாப்பப் பரம்பரையான்னு இதே மாதிரி வந்து கலைச்சிட்டுப் போனீங்க.

ராயபுரம் ரயிலடி:
கலைச்சது நீங்க. அந்தத் திரி இன்னும் இருக்கு, போய்ப் படிங்க.

காசிமேட்டு அலை:
மீன்காரம்மாங்களுக்கு அந்த விழாவுல என்ன இடம் தெரியுமா? ஒரு அன்னக்கூடை, அதுக்குள்ள பிளாஸ்டிக் வஞ்சிரம், பக்கத்துல செல்ஃபி எடுக்க வட்டம் போட்டு வச்சிருக்காங்க. எங்கம்மா விடியக்காலையில ஏலத்துக்கு நின்னு, ஐஸ் தண்ணி முதுகுல வழிய வழியத் தூக்கினது அந்தக் கூடை. ஒரு அம்மாவை மேடையில ஏத்தி அஞ்சு நிமிஷம் பேச விட்டாங்களா?

வியாசை கானா பையன்:
அக்கா, மேடையைப் பத்திக் கேக்காதீங்க. எங்க பசங்களுக்குக் கடைசி நேரம். ரெண்டாவது பாட்டுல பத்து மணி ஆச்சுன்னு மைக்கை நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தர் முக்கா மணி நேரம் உரை. உழைப்பாளி கலைன்னு பேர் வச்சு உழைப்பாளி பையனைக் கடைசியில நிக்க வைக்கிறதா? இன்னாபா நியாயம் இது?

பெரம்பூர் பேரன்:
பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கிறது சட்டம். அதுக்கும் பெரம்பூரா காரணம்?

பழைய புத்தகம்:
வணக்கம். பேரன் சாருக்கு ஒரு தகவல். சங்கம் பிறந்ததே ஒரு சபாவிலிருந்துதான். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபாவுக்குச் சொற்பொழிவு கேட்க வந்த மில் தொழிலாளர்கள்தான் குறைகளைக் கொட்டினார்கள். சங்கத் தலைவராக வந்த பி.பி. வாடியா அடையாறு பிரம்மஞான சபைக்காரர் (தியசாபிகல் சொசைட்டி). கம்பெனி வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள்மேல் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. அந்த வழக்கின் சூட்டில்தான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஆகவே “எங்க பெரம்பூர்” என்று மட்டும் மார் தட்ட வேண்டாம்.

பெரம்பூர் பேரன்:
தலைவர் எங்கிருந்து வந்தா என்ன சார், சந்தா கட்டினது யாரு? அடி வாங்கினது யாரு? புத்தகம் படிச்சவங்க வந்து எங்க தாத்தா கதையை எங்களுக்கே சொல்றாங்க. 1996-ல மில்லை மூடினப்ப இந்தப் புத்தகமெல்லாம் எங்க இருந்தது? அந்த நிலத்துல இப்போ அடுக்குமாடி. எங்க தெருக்காரனுக்கு அங்க ஒரு வீடு வாங்க வக்கு உண்டா?

புளியந்தோப்புக்காரன்:
அடுக்குமாடி, மைக், ஜூஸ் கடை எல்லாம் வந்தாச்சு. பலகை மட்டும் வரல. திரும்பவும் கேக்குறேன். “அனைவரும்”. உண்மையா பொய்யா? உங்க தாத்தா தறி ஓட்டின அதே மில்லுல எங்க கொள்ளுத்தாத்தாவும் வேலை பார்த்தார். உங்க தாத்தா கதை வரலாறு, எங்க கொள்ளுத்தாத்தா கதை ஒப்பாரியா? திரு.வி.க. சங்கத்தை நடத்தினார், அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. அவர் ஒற்றுமைக்குப் பாடுபட்டார்னு எழுதுங்க, ஒத்துக்கிறேன். ஒற்றுமை இருந்ததுன்னு எழுதாதீங்க. எரிஞ்ச வீட்டுக்காரன் பேரன் இன்னும் அதே தெருவுலதான் இருக்கான், அவன் பொண்ணு அந்தப் பலகையைப் படிச்சிட்டு “நம்மளும் இருந்தமாப்பா?”ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?

பெரம்பூர் பேரன்:
உங்க பொண்ணுகிட்ட வெள்ளைக்காரன் பிரிச்சான்னு சொல்லுங்க. அடுத்த ஏப்ரல் 27-க்கு நாங்களே பலகை வைப்போம். அதுலயும் “அனைவரும்”னுதான் எழுதுவோம்.

புளியந்தோப்புக்காரன்:
எழுதுங்க. பக்கத்துலயே புளியந்தோப்புப் பலகையும் நிக்கும். பிடுங்க வர்றவன் வரட்டும்.

ராயபுரம் ரயிலடி:
ரெண்டு பலகையிலயும் துறைமுகம் இருக்காதுன்னு இப்பவே தெரியுது.

காசிமேட்டு அலை:
அன்னக்கூடையைப் பத்தி நான் கேட்டதுக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கல.