பழைய தர்பார் சீன் பொடியாக உதிர்கிறது, டச்சப் செய்த இடம் கேமராவில் மட்டும் திட்டாகத் தெரிகிறது

கீழவாசல்காரன்:

வணக்கம். தாத்தா காலத்திலிருந்து நாடகத்துக்குச் சீன் செட்டிங், அதாவது மேடைக்குப் பின்னால் தொங்கும் படம் எழுதிய திரைகளை, வாடகைக்குக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். மேலூர், உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கம் பங்குனியிலிருந்து ஆடி வரை திருவிழா நாடகம் என்றால் எங்கள் சீன்கள் வீடு தங்காது. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அது படுத்துவிட்டது. இப்போது படம், சீரியல் எடுக்கிறவர்கள் "பழைய நாடக மேடை மாதிரி வேண்டும்" என்று தேடி வருகிறார்கள், அதில்தான் கொஞ்சம் ஓடுகிறது.

விஷயம் இதுதான். 20 அடி அகலம், 12 அடி உயரம், காடாத்துணியில் கையால் எழுதிய தர்பார் சீன். மகால் மாதிரி தூணும் வளைவும், தொங்குவிளக்கு, நடு ஜன்னலில் நீல வானம். ஐப்பசியில் ஒரு சீரியல் யூனிட் நான்கு நாளுக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வரும்போது போர்வை மாதிரி மடித்துக் கயிறு கட்டி, தார்ப்பாய் கூட இல்லாமல் அடைமழையில் லோடு ஆட்டோவில் வந்திருக்கிறது. நான் ஊரில் இல்லை, அப்பா அப்படியே மச்சில் ஏற்றிவிட்டார். பத்து நாள் கழித்துப் பிரித்தால் எங்கே பார்த்தாலும் பூஞ்சணம், மடிப்பு வாக்கில் வெடிப்பு, கீழே ஒன்றரை அடிக்குப் பழுப்பாக நீர்க்கோடு, ஆணி அடித்த இடத்தில் மூன்று கிழிசல். தொட்டால் பெயிண்ட் பொடியாகக் கையில் வருகிறது.

அடுத்தது என் முட்டாள்தனம். ஈரத்துணியால் பூஞ்சணத்தைத் துடைத்தேன், பாதி வானம் துணியோடு வந்துவிட்டது. பயந்துபோய் ஹார்டுவேர் கடையில் எமல்ஷன் வாங்கி, நீலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, மொட்டைமாடியில் வெயிலில் வைத்துப் பார்த்துத் தொட்டுவிட்டேன். வெயிலில் ஒட்டு இருப்பதே தெரியவில்லை, அப்பாவே ஏமாந்தார். போன வாரம் இன்னொரு யூனிட்டின் கேமராமேன் அவர் லைட்டைப் போட்டுப் பார்த்தார். பழைய வானம் ஊதா, என் வானம் பச்சை கலந்த நீலம், போதாததற்குப் பளபளப்பு வேறு. தை கடைசியில் அவர்களுக்கு ஷூட்டிங். மொத்தமாக வெள்ளையடித்துத் திரும்ப எழுதிவிடலாமா, இல்லை இதையே காப்பாற்ற வழி இருக்கிறதா?

பழைய பிரஷ், திருமங்கலம்:

தம்பி, முதலில் தண்ணீர் வாளியைத் தூக்கி அந்தப் பக்கம் வை. வடபழனி, சாலிகிராமம் சினிமா ஸ்டுடியோ ஃப்ளோர்களில் முப்பது வருஷத்துக்கு மேல் பேக்கிங், அதாவது செட்டுக்குப் பின்னால் நிற்கும் படம், எழுதியவன் சொல்கிறேன், மழையைவிட நீ துடைத்ததுதான் அதிகக் கேடு.

உன் சீன் வஜ்ஜிரத்தில் எழுதியது. ஆசாரிகள் மரம் ஒட்ட வைத்திருப்பார்களே, மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது, அதேதான். அதை உருக்கி ஜிங்க் ஒயிட், காவி, நீலப்பொடி, புகைக்கரி என்று பவுடர் கலரைக் குழைத்து எழுதுவோம். காய்ந்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கும், மினுமினுப்பே கிடையாது, விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தாலும் கண்ணைக் குத்தாது. மேடைக்கும் கேமராவுக்கும் அது பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். ஆனால் எத்தனை வருஷம் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் இளகிவிடும். எமல்ஷன் வேறு ஜாதி, காய்ந்தால் பிளாஸ்டிக் தோல். நம்பிக்கை இல்லையென்றால் ஓரத் தையலுக்குப் பக்கத்தில் காது குடையும் பட்ஸை எச்சிலில் தொட்டு உருட்டிப் பார், கலர் ஏறினால் வஜ்ஜிரம்.

வெள்ளையடிக்கும் யோசனையை விட்டுவிடு. அடியில் பிடிப்பில்லாத பொடி, மேலே எமல்ஷன் தோல் என்றால் முதல் தடவை சுருட்டும்போதே பாளம் பாளமாக விழும்.

உதிர்வதை முதலில் நிறுத்த வேண்டும். வஜ்ஜிரத்தை ராத்திரி பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்கு. கொதிக்கவிட்டால் பசை செத்துவிடும். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் நல்லது என்று கை போகும், போகாதே, காயும்போது அது சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கிற பெயிண்டையும் சுருட்டி எடுத்துவிடும். சீனைத் தரையில் படுக்கப்போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பனி மாதிரி மேலே அடி. பக்கத்தில் ஒரு பீடி கூட இருக்கக்கூடாது. அது இல்லாமல் அடித்தால் வஜ்ஜிரத் தண்ணீர் பொடி மேல் முத்து முத்தாக நிற்குமே தவிர உள்ளே இறங்காது. அந்த ஈரம் போகும் முன் வஜ்ஜிரத் தண்ணீரைக் கம்பிரசர் கன்னில் மூன்றடி தள்ளி நின்று லேசாக ஒரு கை அடித்துக் காயவிடு. அப்புறம் இன்னொரு கை. ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் தூண் எல்லாம் வானத்துக்குள் ஓடிவிடும்.

நீர்க்கோட்டுக்கு மேலே எவ்வளவு வெள்ளை பூசினாலும் பழுப்பு ஊறி வெளியே வரும். அந்தக் கோட்டின் மேல் மட்டும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிசாக ஒரு தரம் கொடுத்து, அதன் மேல் கலர் எழுது. அகலமாகப் பூசிவிடாதே, அரக்கும் பளபளக்கும்.

உசிலம்பட்டி ராஜபார்ட்:

சீனைப் போர்வை மாதிரி மடித்தவனை விடிய விடிய மயானத்தில் அரிச்சந்திரனாக நிற்கவைக்க வேண்டும்.

தம்பி, உங்கள் தாத்தா சீன் முன்னால் நானும் பாடியிருக்கலாம், எத்தனையோ ஊர். எங்களுக்குத் தர்பாரைவிடக் காடுதான் அதிகம் வேண்டியிருக்கும், வள்ளி தினைப்புனம் காக்க வேண்டுமே. பஸ் மேலே போட்டுக் கொண்டுபோன காலத்திலும் மேல் கம்பு, கீழ் கம்பு இரண்டையும் கழற்றாமல் பாய் மாதிரி சுருட்டித்தான் ஏற்றுவோம். படம் உள்பக்கமாகச் சுருட்டுவோம், தூசி படாது. அந்தப் பழக்கம் இந்தச் சினிமாக்காரப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பொன்னாக நின்ற தர்பார், டியூப்லைட் போட்ட மேடையில் சவக்களை அடித்துவிட்டது என்று எங்கள் வாத்தியார் சொல்வார். கேமராமேன் லைட்டில் உன் வானம் மாறியதும் அதே கதையோ என்னவோ, பிரஷ் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

நூலிழை:

நான் துணிப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறவள், பிறந்த ஊர் சோழவந்தான். பிரஷ் ஐயா சொன்ன வஜ்ஜிர அளவு சரி, ஆனால் ஐயா, அந்த எச்சிலை மட்டும் விட்டுவிடுங்கள்! பழைய பவுடர் கலர்களில் ஈய வெள்ளை இருக்கலாம், குரோம் மஞ்சளில் ஈயம், சில பச்சைகளில் ஆர்சனிக். நாம் சாதாரணமாக அரிதாரம் பூசுவது என்கிறோமே, அந்த அரிதாரமே ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல்தான். பட்ஸை ஒரு சொட்டு நல்ல தண்ணீரில் தொட்டால் போதும். பழைய பெயிண்ட் மேல் உப்புத்தாள் போடவே கூடாது.

பூஞ்சணத்துக்கு முதல் மருந்து காற்று. நிழலில் விரித்து, ஃபேன் நேராகப் படாமல் நன்றாகக் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இதைக் கன் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணத்தையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டியதாகிவிடும். பிளீச்சிங், வினிகர் எதுவும் வேண்டாம்.

கிழிசலுக்கு ஃபெவிகால் வேண்டாம், அது ஓரத்தில் கெட்டித்துப் பக்கத்துத் துணியையும் கிழிக்கும். நான்கைந்து தரம் துவைத்துச் சுருங்கிய பழைய காடா, அதே கனம், பின்பக்கம் ஒட்டுங்கள். ஒட்டுத்துணியின் நான்கு ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டருக்கு நூலைப் பிரித்துவிட வேண்டும். கத்தரித்த ஓரத்தை அப்படியே ஒட்டினால் பக்கவாட்டு வெளிச்சத்தில் முன்னால் சதுரமாகக் கோடு விழும், கேமராவுக்கு அது போதும். பசை மைதாதான், தண்ணீராக இல்லாமல் தயிர் பதத்தில், ஒட்டுத்துணியில் தடவுங்கள், சீனில் தடவாதீர்கள். பைண்டிங்காரர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் போடச் சொல்வார்கள். அதில் இருக்கிற செம்பு நாளாவட்டத்தில் பருத்தியை மக்கவைக்கும்.

ராஜபார்ட் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், சுருட்டும்போது படம் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். உள்பக்கம் வைத்தால் பெயிண்ட் ஒன்றோடொன்று நெருக்கி நொறுங்கும். ஆறங்குல பிவிசி பைப்பில் வெள்ளைத்துணி சுற்றி, அதன் மேல் சீனைச் சுருட்டி, தூசிக்கு மேலே இன்னொரு காடா சுற்றிவிடலாம்.

டச்சப்புக்குக் கை வைக்கும் முன் கீழ் மூலை இரண்டையும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், எழுதியவர் பெயர் இருக்கலாம். காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதியவர்தான். பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த படுதா எழுத்து இங்கே வந்து நம் ஊர்க் கையோடு கலந்த விதம் தனிக்கதை. அந்தத் தலைமுறை வேலையாக இருந்தால் நீங்கள் ஒரு புள்ளி கூட வைக்கக் கூடாது.

கீழவாசல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மூலையில் டார்ச் அடித்தேன், அக்கா. "மதுரை" என்பது மட்டும் தெரிகிறது, அதற்கு முன்னால் பெயர் இருந்த இடத்தை யாரோ எப்போதோ ஆணி அடித்தே தின்றுவிட்டார்கள். பட்ஸில் நீலம் ஏறியது, வஜ்ஜிரம்தான். பிரஷ் ஐயா, அந்த வானம் விஷயம் மட்டும் சொல்லுங்கள், வெயிலில் ஒன்றாக இருந்த நீலம் லைட்டில் எப்படி இரண்டாகும்?

பழைய பிரஷ், திருமங்கலம்:

எச்சில் விஷயத்தில் அம்மா சொன்னது நியாயம். அந்தக் காலத்தில் நாங்கள் பிரஷ் நுனியையே வாயில் வைத்துக் கூராக்கியவர்கள், எப்படியோ இருக்கிறோம்.

வானத்துக்கு வருகிறேன். பழைய வானம் அல்ட்ராமரின், வெள்ளை வேட்டிக்குப் போட்ட அந்த நீலப்பொடி. நீ கடையில் வாங்கி எமல்ஷனில் சொட்டுச் சொட்டாகக் கலந்த ஸ்டெயினர் பெரும்பாலும் தாலோ நீலம், அது வேறு வகைச் சாயம். இரண்டையும் வெயிலில் ஒரே மாதிரி கலந்துவிடலாம், கெட்டிக்காரன் கலந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அல்ட்ராமரின் நீலத்தோடு சேர்த்துச் சிவப்பின் கடைக்கோடியையும் திருப்பி அனுப்பும், தாலோ அந்தச் சிவப்பை விழுங்கிவிடும். டங்ஸ்டன் லைட், பழைய குண்டு பல்ப் மாதிரி மஞ்சள் வெளிச்சம், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கணக்கில் 3200 கெல்வின், அதில் சிவப்பு ஏராளம், நீலம் கம்மி. அதனால் பழையது ஊதாவுக்குச் சாய்கிறது, உன்னுடையது பச்சைக்குச் சாய்கிறது. 5600 கெல்வின் வெயிலில் இரண்டும் அண்ணன் தம்பி, லைட் மாறினால் பங்காளிச் சண்டை. ராஜபார்ட் வாத்தியார் பெட்ரோமாக்ஸில் பார்த்ததற்கும் இதே சம்பந்தம் உண்டு. எல்ஈடி லைட்டில் இன்னும் மோசம், ஒவ்வொரு கம்பெனி லைட்டும் ஒவ்வொரு கலரைத் தின்னும்.

ஆகவே கண்ணால் பொருத்துவதை விட்டுவிட்டு, பழைய சீனில் எந்தப் பவுடரோ அதையே வாங்கு. அல்ட்ராமரின், ஜிங்க் ஒயிட், சின்னதாகக் காவி, வஜ்ஜிரத்தில் குழைத்து, சீனில் கை வைக்காமல் அதே மாதிரி காடாவில் விரல் அகலத்துக்கு ஏழெட்டுக் கோடு இழு. ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதே, வஜ்ஜிரக் கலர் காய்ந்தால் ரொம்ப வெளுக்கும், ஹேர் டிரையர் போட்டுக் காயவைத்துப் பார். பிறகு அந்தத் துணித் துண்டுகளைப் பழைய வானத்தின் மேல் வைத்து, ஷூட்டிங்கில் போடப்போகிற அதே லைட்டில், அவர்கள் கேமரா வழியாகப் பார்க்கச் சொல். உன் போனில் பார்த்து ஏமாறாதே, அது தானாக வெள்ளையைத் திருத்திக்கொள்ளும்.

உன் எமல்ஷன் திட்டை உரிக்க வேண்டாம், அடியில் இருக்கிறதும் சேர்ந்து வரும். அந்தத் திட்டின் மேல் மட்டும், அம்மா திட்டாத அளவுக்கு, 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகிற வரை தேய்த்து, அதன் மேல் வஜ்ஜிரக் கலரைக் கொஞ்சம் கெட்டியாகக் கொடு. ஓரத்தைக் கோடாக நிறுத்தாமல் காய்ந்த பிரஷ்ஷால் பழைய வானத்துக்குள் இழுத்துக் கரை.

கீழவாசல்காரன்:

ஷூட்டிங் முடிந்து சொல்ல வருகிறேன்.

முதல் நாளே ஒரு சொதப்பல். காலை ஆறு மணிக்கே பனியோடு ஆரம்பித்தேன், கன்னுக்குள்ளேயே வஜ்ஜிரத் தண்ணீர் ஆறிக் கெட்டிப்பட்டு, துப்பித் துப்பி அடித்தது, தூணில் இரண்டு இடத்தில் வட்ட வட்டமாகக் கறை. பதினோரு மணிக்கு வெயில் ஏறிய பிறகு, டப்பாவை வெந்நீர்ச் சட்டியில் வைத்துக்கொண்டே அடித்தேன், அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. இப்போது தேய்த்தால் கையில் பொடி வருவதில்லை. நீர்க்கோடு அரக்குக்குக் கட்டுப்பட்டது, ஒரு சாண் நீளம் மட்டும் மறுபடி எட்டிப்பார்க்கிறது, அதன் முன்னால் சிம்மாசனத்தைப் போடச் சொல்லிவிட்டேன். கலர் கோடு பதினாலு இழுத்தேன், கேமராமேன் ஒன்பதாவதைத் தொட்டார், என் கண்ணுக்கு நான்காவதுதான் சரியாகப் பட்டது.

இனி வாடகைச் சீட்டில் எழுதிவிட்டேன்: ஆணி, ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது, பைப்போடு போகும், பைப்போடு வர வேண்டும், இறக்குவதும் சுருட்டுவதும் எங்கள் ஆள், அவருக்குப் பேட்டா தனி. ஒரு யூனிட் இதைப் பார்த்துவிட்டு ஃப்ளெக்ஸே போதும் என்று போய்விட்டது. போகட்டும்.

ஷாட் வைக்கும் முன் கேமராமேன் மானிட்டரில் ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடினார். ஒன்றே ஒன்றைத்தான் கண்டுபிடித்தார், ஜன்னலுக்கு இடது பக்கம் உள்ளங்கை அகலம். அது நான் போட்டதில்லை. அப்பாவிடம் கேட்டேன், தாத்தா போட்ட ஒட்டாம்.

உசிலம்பட்டி ராஜபார்ட்:

அந்த ஒட்டை அப்படியே விட்டுவை தம்பி. சித்திரையில் எங்களுக்குக் காடு சீன் இரண்டு நாளைக்கு வேண்டும், படத்தை வெளிப்பக்கமாகவே சுருட்டிக் கொண்டுவந்து தருகிறேன், பேட்டாவில் மட்டும் கொஞ்சம் பார்த்துச் செய்.